சுல்தானா, பாலைவனக் காற்றா?

இரண்டு வாசனைத் திரவியங்கள்: செர்ஜ் லுட்டன்ஸின் ஆம்ப்ர் சுல்தான், டவர் (Tauer) நிறுவனத்தின் லேர் து தெசேர் மரோக்கேன் (2005; பெயருக்கு 'மொராக்கோ பாலைவனக் காற்று' என்று பொருள்). இரண்டிலும் லாப்டனம் என்ற செடிப் பிசின் உண்டு. தள்ளி நின்று முகர்ந்தால் அண்ணன் தம்பி மாதிரிதான்.

மணிக்கட்டில் அடித்ததும் குட்டு உடைந்துவிடும். சுல்தானில் முதலில் ஆரிகானோவும் பச்சிலை நெடியும் மூக்கைக் குத்தும். கொஞ்சம் பொறுத்தால் சாம்பிராணியும் சந்தனமும் எழுந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். மரோக்கேனில் கொத்தமல்லி விதை, சீரகம், அப்புறம் சீடர் (தேவதாரு வகை) மரக்கட்டையை அப்போதுதான் சீவியது போன்ற வறண்ட மணம். மறுநாள் சட்டைக் காலரிலும் அது இருக்கும்.

மரவாசனைதான் வேண்டுமென்றால் யோசிக்காமல் மரோக்கேன். ஆனால் ஒரு தெளிப்போடு நிறுத்துங்கள். மூடிய அறையில் இரண்டாவது தெளிப்பு பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி. என் ஓட்டு சுல்தானுக்கு, அந்தப் பச்சிலைக் கசப்புக்காகவே.