ஆல்ஃபா சென்டாரிக்கு 6 அங்குல டாப்சோனியன்: வேலூரிலிருந்து எப்படி?

வேலூரிலிருந்து ஆல்ஃபா சென்டாரி என்னும் இரட்டை விண்மீனைப் பிரித்துப் பார்க்க 6 அங்குல டாப்சோனியன் (ஆடியால் ஒளி சேர்த்து, எளிய தாங்கியில் கையால் திருப்பும் தொலைநோக்கி) வாங்கலாமா? வாங்கலாம். 150 மி.மீ. ஆடியும் 1200 மி.மீ. குவியத் தூரமும் உள்ள டாப்சோனியன் 0.8 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) இடைவெளியைக்கூடப் பிரித்துக் காட்ட வல்லது. ஆல்ஃபா சென்டாரியின் A, B இரண்டும் 2016-இல் 4 விகலை வரை நெருங்கியிருந்தன. இப்போது இடைவெளி ஏறத்தாழ இரு மடங்கு. 10 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை), அதாவது 120 மடங்கு உருப்பெருக்கத்தில், இரண்டும் தனித்தனியாக நிற்கும்.

சிக்கல் வேறிடத்தில். காவலூர் வான் ஆய்வகம் இருக்கும் ஜவ்வாது மலையிலிருந்து பார்த்தாலும் இந்த விண்மீன் 16.6 பாகைக்கு மேல் ஏறாது. நீட்டிய கையில் ஒன்றரை முஷ்டி உயரம், அவ்வளவுதான். மே முதல் வாரத்தில் நள்ளிரவிலும் ஜூன் நடுவில் இரவு 9 மணி வாக்கிலும் திரிசங்குக்கு (தென் சிலுவை விண்மீன் கூட்டம்) இடப்பக்கம் தேடுங்கள். இவ்வளவு தாழ்வில் காற்று ஒளியை நிறம் நிறமாகப் பிரிப்பதால் ஒரு பக்கம் நீலமும் எதிர்ப்பக்கம் சிவப்பும் கரைகட்டும். இது ஆடியின் குறையல்ல; கடைக்காரரிடம் சண்டை வேண்டாம்.

குழாய் ஏறக்குறைய படுத்த நிலையில் இருக்கும்போது கனமான ஐபீஸ் போட்டால் முன்பக்கம் தொங்கும். பக்கவாட்டுத் திருகை இறுக்குங்கள். போதாவிட்டால் குழாயின் பின்முனையில் ஒரு காந்தத்தை எடையாக ஒட்டலாம். ஐபீஸ் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும், ஆகவே ஆடாத சிறு மேசை மேல் கருவியை ஏற்றுவது நல்லது. வேலூர் வெயிலில் காய்ந்த கான்கிரீட் மாடி இரவெல்லாம் அனல் கக்கும். மண் தரையே மேல். ஆடி குளிர ஒரு மணி நேரமாவது வெளியே விடுங்கள். ஆலங்காயம் வழியாக மலை ஏறினால், வண்டிக் குலுக்கலில் ஆடி விலகியிருக்கும். போய்ச் சேர்ந்த பிறகே கோலிமேஷன் (ஆடிகளை நேர்ப்படுத்துதல்) பார்க்க வேண்டும்.

கையால் நகர்த்துவது சிரமமில்லை. தென்துருவத்தை நோக்கிய விண்மீன் என்பதால் 120 மடங்கில் பார்வைப் புலத்தைக் கடக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். பார்லோ (உருப்பெருக்கத்தை இரட்டிக்கும் வில்லை) போட்டு 240 ஆக்கினால் கொதிக்கும் காற்றுதான் பெரிதாகும். அந்தப் பணத்துக்கு நல்ல 9 மி.மீ. ஐபீஸ் வாங்குங்கள்.

காண்பது என்ன? A நம் சூரியனைப் போல 1.1 மடங்கு நிறை, 1.2 மடங்கு ஆரம். B 0.9 நிறை, வெப்பம் சுமார் 5,260 கெல்வின், ஆகவே சற்றே ஆரஞ்சு. ஒன்றையொன்று சுற்ற 80 ஆண்டு. சராசரித் தொலைவு 23.3 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு). தொலைவின் மும்மடியை ஆண்டின் இருமடியால் வகுத்தால் இரண்டின் மொத்த நிறை கிடைக்கும்: ஏறத்தாழ 2 சூரியன். இது இரட்டை என்று 1689 டிசம்பரில் முதலில் கண்டவர் ரிஷோ பாதிரியார், வால்மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் புதுச்சேரியிலிருந்து!

மூன்றாவது துணையான பிராக்சிமாவை மட்டும் இந்தக் கருவியிடம் எதிர்பார்க்காதீர்கள். 11-ஆம் ஒளிவரிசை (எண் கூடக் கூட மங்கல்), அடிவானப் புழுதி, பின்னணியில் பால்வீதிக் கூட்டம். வரைபடம் இருந்தும் அடையாளம் காண்பது கடினம். A, B இரண்டும் 2037 வாக்கில் 2 விகலைக்கும் கீழே நெருங்கிவிடும். அதற்கு முன் உள்ள மே மாதங்களை விட்டுவிடாதீர்கள்.