பழைய அரசியல் கார்ட்டூன்களில் தேவதூதர்களைத் தேட நான்கு இணையத் தளங்கள்: எது எதற்கு உதவும்?

பழைய அரசியல் கார்ட்டூன்களில் வரும் தேவதூதர்களைத் தேடுபவர்கள் காசு கொடுக்காமல் பயன்படுத்தக்கூடிய பெரிய சேகரிப்புகள் நான்கு: வாஷிங்டனில் உள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், லண்டன் பிரிட்டிஷ் மியூசியம், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம், ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகம். நான்கிலும் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. நான்கிலும் சிக்கல் ஒன்றுதான். படத்தில் என்ன இருக்கிறதோ அது தேடலில் வராது. பட்டியலிட்டவர் என்ன எழுதி வைத்தாரோ அதுதான் வரும். சிறகுள்ள ஒரு பெண்ணை ஒருவர் தேவதூதர் என்று குறித்திருப்பார், இன்னொருவர் ‘உருவகப் பெண்’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். ‘ஏஞ்சல்’ என்று மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதான் இருக்கிறது’ என்று முடிவுகட்டினால் நிறையப் படங்கள் கைநழுவிப்போகும்.

அதனால் தளத்தைத் திறக்கும் முன்பே சிறகுக்காரர்களைப் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். கையில் எக்காளம் இருந்தால் அது பெரும்பாலும் புகழ் என்னும் உருவகம். வாகை மாலையோ பனையோலையோ இருந்தால் வெற்றி. ஒலிவக் கிளை என்றால் சமாதானம். தாடிக் கிழவனும் அரிவாளும் மணல் கடிகாரமும் சேர்ந்தால் காலம். அவனுக்கும் சிறகு உண்டு. வில் அம்போடு குழந்தை வந்தால் க்யூபிட். சிறகில் இறகுக்குப் பதிலாக வௌவாலின் தோலும் எலும்பும் தெரிந்தால் அது சாத்தானின் பக்கம். இவை ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் தனித்தனியாகத் தேட வேண்டும்.

லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் அச்சுப்படப் பட்டியல்தான் நான்கில் முதலில் போக வேண்டிய இடம். கட்டுப்படுத்தப்பட்ட பொருட்சொற்களை, அதாவது ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்று முன்பே வகுத்த சொற்களை, வைத்துப் பட்டியலிடுகிறார்கள். ‘ஏஞ்சல்ஸ்’, ‘டெவில்’ இரண்டும் அந்தச் சொற்பட்டியலில் இருக்கின்றன. பொருட்சொல்லைச் சொடுக்கினால் அதே சொல் தாங்கிய எல்லாப் படமும் வரிசையாக வந்துவிடும். அதோடு நின்றுவிடக் கூடாது. பல பதிவுகளில், முக்கியமாக ‘பக்’ என்ற அமெரிக்க நகைச்சுவை இதழின் வண்ணக் கல்லச்சுப் (லித்தோகிராஃப்) படங்களில், ‘படத்தில் இன்னின்னது தெரிகிறது’ என்று தொடங்கும் சிறு விவரிப்பு இருக்கிறது. பொருட்சொல்லில் விட்டுப்போன சிறகு இந்த விவரிப்பில் அகப்படும். எனவே ‘விங்ட்’ என்ற சொல்லையும், அதோடு ஆண்டையோ இதழின் பெயரையோ சேர்த்துத் தேடுவது நல்லது.

அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் தாமஸ் நாஸ்ட் 1872 பிப்ரவரி 17 ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ வார இதழில் வரைந்த படம் நல்ல சோதனை. அந்த ஆண்டு அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட விக்டோரியா வுட்ஹல்லைக் கொம்பும் வௌவால் சிறகுமாக நிறுத்தி, கையில் சுதந்திரக் காதலால் மீட்சி என்ற பலகையைக் கொடுத்திருக்கிறார். பின்னால் குடிகாரக் கணவனையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்தபடி ஒரு பெண் மலைப்பாதையில் ஏறுகிறாள். சாத்தானாக நிற்கும் வுட்ஹல்லைத் திரும்பிப் பார்த்து மறுக்கிறாள். ‘ஏஞ்சல்ஸ்’ என்று தேடுபவருக்கு இந்தப் படம் கிடைப்பது சந்தேகம். ஆனால் தேவதூதனின் உருவத்தைத் தலைகீழாக்கி ஒரு அரசியல்வாதியைத் தாக்குவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் அரிது.

இந்தத் தளத்தில் ஏமாற்றம் தருவது ஸ்கேனின் தரம். ஒவ்வொரு பதிவிலும் மறுபதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் அந்தக் கோப்பு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று போட்டிருக்கும். ‘அசல் அச்சிலிருந்து’ என்றிருந்தால் தயங்காமல் எடுக்கலாம். ‘கறுப்பு வெள்ளை ஃபிலிம் நகல்’ என்றிருந்தால் எச்சரிக்கை தேவை. மரச்செதுக்குப் படங்களில் இறகின் வடிவமே நெருக்கமான கோடுகளால் ஆனது. ஃபிலிம் நகலில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்; இறகா தோலா என்றே சொல்ல முடியாமல் போகும். டிஃப் (TIFF) என்னும் முழுத்தரப் படக்கோப்பு இருந்தால் அதையே இறக்குங்கள். சில 100 மெகாபைட்டைத் தாண்டும். ஆனால் ஓரத்தில் இருக்கும் அச்சகத்தார் பெயரும் தேதியும் அதில்தான் படிக்கும்படி இருக்கும். உரிமை இன்னும் உயிரோடு இருக்கும் 20ஆம் நூற்றாண்டுப் படங்கள் பல, நூலகக் கட்டடத்துக்கு வெளியே கட்டைவிரல் அளவில்தான் தெரியும். அது இணைப்புக் கோளாறு அல்ல.

கேலி எதைக் கேலி செய்கிறது என்று தெரிய, மெய்யாகவே பக்தியோடு செய்த படங்களையும் பார்க்க வேண்டும். அதற்கும் இந்த நூலகம்தான். ஜான் ஜேம்ஸ் பாரலே 1800களின் தொடக்கத்தில், கல்லறையிலிருந்து எழும் ஜார்ஜ் வாஷிங்டனைச் செதுக்கினார். இருபக்கமும் சிறகுள்ள இருவர் தாங்குகிறார்கள். மேலோட்டமாகப் பார்ப்பவர் இருவரும் தேவதூதர் என்பார். ஒருவர் காலம் என்னும் கிழவர், மற்றவர்தான் தேவதூதர். 1865இல் லிங்கன் கொல்லப்பட்டதும் டி. டி. வீஸ்ட் இதே அமைப்பை எடுத்து, வாஷிங்டனின் தலை இருந்த இடத்தில் லிங்கனின் தலையை வைத்துக் கல்லச்சாக வெளியிட்டார். கைகளின் விரிப்பு, அங்கியின் மடிப்பு, காலத்தின் சிறகு எல்லாம் அப்படியே. இரண்டையும் இரண்டு சாளரங்களில் திறந்து அருகருகே வைத்துப் பாருங்கள். தலைவனைத் தேவதூதர்கள் மேலே தூக்கிச் செல்லும் காட்சி எவ்வளவு வாடிக்கையான அச்சாக இருந்தது என்பது அப்போது விளங்கும். கார்ட்டூனிஸ்டுகளுக்கு அது அவ்வளவு எளிதில் கையில் கிடைத்ததும் அதனால்தான்.

பிரிட்டிஷ் மியூசியத்தின் பலம் படத்தைவிட எழுத்து. ஸ்டீபன்ஸ் தொடங்கி டோரதி ஜார்ஜ் முடித்த 11 தொகுதி நையாண்டிப்படப் பட்டியலின் விளக்கங்கள் இணையப் பதிவுகளில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர் கில்ரே 1798 ஜனவரியில் வெளியிட்ட ‘ஓஷின் தெய்வீகமாதல்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1797இல் இறந்த பிரெஞ்சுத் தளபதி ஓஷ் வானவில்மேல் உட்கார்ந்து, கில்லட்டினை யாழாக மீட்டுகிறான். சுற்றிலும் வானவர் கூட்டம், மேலே கொல், திருடு என்று புரட்டி எழுதிய பைபிளின் பத்துக் கட்டளைகள். இவ்வளவு நெரிசலான படத்தை விளக்கமில்லாமல் பிரிப்பது கடினம். ஜார்ஜ் ஒவ்வொரு உருவமாக எடுத்து யார், கையில் என்ன, எந்தச் செய்தியைக் குறிக்கிறது என்று எழுதியிருக்கிறார். அதற்காகவே இந்தத் தளத்துக்கு முழு மதிப்பெண் தரலாம்.

குறைகளும் உண்டு. அந்த அச்சுப் பட்டியல் 1832உடன் நின்றுவிடுகிறது. அதற்குப் பிந்திய படங்களுக்கு இந்த ஆழத்தை எதிர்பார்க்க முடியாது. ஒரே படத்துக்கு வண்ணம் தீட்டியதும் தீட்டாததுமாகப் பல படிகள் இருக்கும். வண்ணம் கையால் தீட்டியது. படிக்குப் படி மாறும். சிறகின் நிறத்தை வைத்து எந்த வாதமும் கட்டாதீர்கள். படங்களுக்கு வணிகமற்ற பயன்பாட்டு உரிமம்தான். விற்பனைக்கான புத்தகத்தில் போட வேண்டுமானால், அதே அச்சு லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது உத்தமம். 1921இல் விண்ட்சர் கோட்டையிலிருந்து வாங்கிய பிரிட்டிஷ் நையாண்டிப் படங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருப்பதால், பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ரைக்ஸ்மியூசியம் 17ஆம் நூற்றாண்டு டச்சு அரசியல் அச்சுகளுக்கு, குறிப்பாக ரோமெய்ன் டி ஹூகே என்ற செதுக்குக் கலைஞரின் படங்களுக்கு. பதிவுகளில் பலவற்றுக்கு, படத்தின் பொருளை எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கும் ஐகான்கிளாஸ் குறியீடு உண்டு: தேவதூதர்களுக்கு 11ஜி, சிறகுக் குழந்தைகளுக்கு 92டி1916. டச்சு தெரியாதவருக்கு இந்த எண்களே வழி. படத் தரம் நான்கிலும் மேலானது.

ஹைடல்பெர்க்கில் லண்டனின் ‘பஞ்ச்’, ஜெர்மனியின் ‘கிளாடராடாட்ச்’ என்ற நையாண்டி வார இதழ்கள் இரண்டையும் முழு இதழாகப் புரட்டலாம். கார்ட்டூனைத் தனியாக வெட்டி வைக்காமல் முன்பின் பக்கங்களோடு தருவது பெரிய நன்மை. பஞ்சில் தேதி பார்க்கும்போது, செய்திக்கும் படத்துக்கும் இடையே ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். ரஷ்யப் பேரரசர் (ஜார்) முதலாம் நிக்கோலஸ் 1855 மார்ச் 2இல் இறந்தார். ரஷ்யத் தளபதி உடையில் எலும்புக்கூடாக வந்து மரணம் அவர்மேல் கை வைக்கும் ஜான் லீச்சின் படம் மார்ச் 10 இதழில்தான் வந்தது. ஜெர்மன் இதழில் அதிதூதர் மிக்கேலைத் தேடினால், அதே பெயரின் வடிவமான, தூக்கத் தொப்பி போட்ட ‘மிஷெல்’ என்ற ஜெர்மன் குடிமகன் உருவம் வந்து நிறையும். பழைய ஜெர்மன் கோண எழுத்தில், படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளும் தடுமாறும். சொல்லைத் தேடுவதைவிட, நிகழ்ச்சியின் தேதியைக் கணக்கிட்டு அந்த இரண்டு வார இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வேகமான வழி.