டால்ஃபினா, டிங்கோவா, கங்காருவா? பிரிஸ்பேன் பக்கத்து மூன்று மணல் தீவுகள்

ஊரிலிருந்து பெற்றோர் வந்து இறங்கியதும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நம்மவர் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எந்தத் தீவுக்குக் கூட்டிப் போவது?" என்பதுதான். மூன்று பெயர்கள் அடிபடும். மோர்ட்டன் தீவு, நார்த் ஸ்ட்ராட்ப்ரோக் தீவு (இங்கே எல்லாரும் ஸ்ட்ராடி என்பார்கள்), அப்புறம் வடக்கே கர்ரி. ஃப்ரேசர் தீவு என்று நாம் கேள்விப்பட்டது இந்தக் கர்ரியைத்தான். அங்குள்ள பூர்வகுடிகளான புட்சுலா மக்கள் வைத்த பழைய பெயர் 2023இல் அதிகாரபூர்வமாகத் திரும்ப வந்தது.

மூன்றும் மணலால் ஆனவை. மூன்றிலும் கடற்கரை, நன்னீர் ஏரி, காடு எல்லாம் உண்டு. படங்களைப் பார்த்தால் எது எது என்றே தெரியாது. மூன்றுக்கும் குடும்பத்தோடு போய் வந்தபின் எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம், அங்கே விலங்குகளைச் சந்திக்கும் விதம்.

மோர்ட்டனில் டாங்கலூமா என்ற விடுதிப் பகுதி இருக்கிறது. பிரிஸ்பேன் ஆற்றோரம் பிங்கென்பாவிலிருந்து படகில் ஒன்றேகால் மணி நேரம். பொழுது சாயும்போது காட்டு டால்ஃபின்கள் கரையோரம் வந்துவிடும். 1992 முதல் அவற்றுக்கு இங்கே மாலைதோறும் மீன் கொடுக்கிறார்கள். வரிசையில் நின்று, கையைக் கழுவிக்கொண்டு, ஒரு சின்ன மீனை வாங்கி முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டும். மீனைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு குனிந்தால், விளக்கு வெளிச்சத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து அதை மெதுவாக வாங்கிக்கொள்ளும். தொடக் கூடாது. எல்லாம் சேர்த்து அரை நிமிடம்தான். எழுபது வயது அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, கரை ஏறியபின் வெகுநேரம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்டு விலங்குக்குத் தீனி போடுவது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த உறுத்தல் இருந்தது. அவை கடலில் வேட்டையாடுவதை விட்டுவிடக் கூடாது என்பதற்காக, ஒரு நாள் தேவையில் ஒரு சிறு பங்கை மட்டுமே கொடுக்கிறார்கள். யார் யாருக்கு எவ்வளவு என்பதற்கும் கணக்கு வைக்கிறார்கள். இருந்தாலும் இது நேரம் குறித்து நடக்கும் சந்திப்பு என்பதை மறுக்க முடியாது. இதே டாங்கலூமாவில் 1952 முதல் 1962 வரை திமிங்கில ஆலை ஓடியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கிலங்களை இங்கே இழுத்து வந்து அறுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் போய்வரும் கூட்டத்தில் சில நூறுதான் மிஞ்சின. பிடிக்க ஒன்றும் இல்லாமல் போனபின்தான் ஆலையை மூடினார்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் டால்ஃபினுக்கு முன்னால் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.

மோர்ட்டனில் மற்றதெல்லாம் உற்சாகமான விளையாட்டு. 1963 முதல் வரிசையாக மூழ்கவைத்த பதினைந்து பழைய கப்பல்கள் கரைக்கு அருகிலேயே துருப்பிடித்து நிற்கின்றன. முகமூடி மாட்டிக்கொண்டு அவற்றைச் சுற்றி நீந்தினால் மீன்கூட்டம் நம்மை உரசிக்கொண்டு போகும். நீரோட்டம் இழுக்கும், அதனால் ஓதம் ஓய்ந்திருக்கும் நேரம் கேட்டு இறங்க வேண்டும். மணல்மேட்டிலிருந்து பலகையில் குப்புறப் படுத்துச் சறுக்குவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு முறையும் திரும்ப மேலே ஏறும்போது கால் வலிக்கும்.

கர்ரி இதற்கு நேர் எதிர். அங்கே விலங்கிடமிருந்து விலகி நிற்பதுதான் முதல் பாடம். அந்தத் தீவின் டிங்கோக்களை, அதாவது ஆஸ்திரேலியக் காட்டுநாய்களை, வோங்காரி என்கிறார்கள். பார்க்க நம் தெருநாய் போலவே, ஒல்லியாக, செம்பட்டையாக இருக்கும். அதனால்தான் நம்மவர்களுக்கு ஆபத்து அதிகம், கை தானாக பிஸ்கட்டைத் தேடும். கொடுத்தால் அபராதம் இரண்டாயிரம் டாலருக்கு மேல். அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், மனிதனிடம் சோறு கிடைக்கும் என்று பழகிய டிங்கோ பயம் விட்டு நெருங்கும், கடிக்கும். கடைசியில் அதைக் கொல்ல வேண்டி வரும். 2001இல் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் டிங்கோ தாக்கி இறந்திருக்கிறான். பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டிங்கோ எதிரே வந்தால் ஓடக் கூடாது, அதைப் பார்த்தபடியே நிமிர்ந்து நின்று, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு மெல்லப் பின்வாங்க வேண்டும். புளியோதரை டப்பாவைக் கூடாரத்தில் வைக்கக் கூடாது, வண்டிக்குள் பூட்டிவிட வேண்டும். ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடவும் அனுமதி இல்லை.

இவ்வளவு கெடுபிடிக்கும் ஈடு கொடுக்கிற நிலம் கர்ரி. நீளம் 120 கிலோமீட்டருக்கு மேல், உலகத்திலேயே பெரிய மணல் தீவு. 1992 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். வெறும் மணலில் மழைக்காடு எழுந்து நிற்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மெக்கன்சி ஏரி (புட்சுலா பெயர் பூரங்கூரா) தரைநீரோடு ஒட்டாமல் உயரத்தில் நிற்கிறது. உதிர்ந்த இலைதழை மக்கி மணலோடு இறுகிக் கிண்ணத்தின் அடிபோல ஆகிவிட, மழைநீர் அதில் தங்கியிருக்கிறது. ஓடையோ ஊற்றோ வந்து சேராததால் தண்ணீரில் உயிர்கள் மிகக் குறைவு, கண்ணாடி போன்ற தெளிவு. நாம் பூசிக்கொள்ளும் வெயில் கிரீம் கழுவிப் போகவும் அதற்கு வழி கிடையாது, ஆகவே இறங்கும்முன் பூசாதீர்கள். ஈலை க்ரீக் என்ற ஓடை இன்னொரு சுகம். ரப்பர் வளையத்தில் உட்கார்ந்தால் நீரே கடற்கரைவரை கொண்டுவந்து விடும்.

ஆனால் உழைப்பு கேட்கும் தீவு. பிரிஸ்பேனிலிருந்தே படகுத்துறைக்கு மூன்று நான்கு மணி நேரம். சாதாரணக் கார் அங்கே ஓடாது, ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேண்டும். கடற்கரைதான் நெடுஞ்சாலை, 80 கிலோமீட்டர் வேகம்வரை போகலாம். டயரில் காற்றை இறக்க வேண்டும், கடல் முழுதாக ஏறி நிற்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் கரையில் வண்டி ஓட்டக் கூடாது. முதல் தடவை நாங்கள் காற்றைப் போதுமான அளவு இறக்காமல் உள்காட்டுப் பாதையில் புதைந்தோம். முன்பின் தெரியாத ஒரு குடும்பம் மண்வெட்டியோடு இறங்கி வந்து உதவியதை மறக்க முடியாது. சுறாவும் இழுப்பும் இருப்பதால் கிழக்குக் கடலில் குளிப்பதும் ஆகாது. இரண்டு இரவாவது தங்க முடியாவிட்டால் கர்ரிக்குப் போகாதீர்கள், ஓட்டமும் களைப்பும்தான் மிஞ்சும்.

ஸ்ட்ராடிக்கு எனக்கு மனசு சாய்கிறது, அதை மறைக்கவில்லை. பிரிஸ்பேனை அடுத்த கிளீவ்லாந்திலிருந்து வண்டிப் படகில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். காரே வேண்டாம், இறங்கினால் தீவுக்குள் ஓடும் பஸ் நிற்கும். பாயிண்ட் லுக்அவுட்டில் இறங்கினால் பாறைப் பிளவைச் சுற்றி ஒரு நடைபாதை, அம்மாவின் முழங்கால் வலியோடும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டோம். கீழே பாறையிடுக்கில் அலை அறையும். ஆமை தலையைத் தூக்கும், திருக்கை கறுப்பாக நகரும். நிமிர்ந்தால் புல்மேட்டில் கங்காரு, வயிற்றுப் பையிலிருந்து குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது நம்மைக் கண்டுகொள்வதே இல்லை, பல் அரைபடும் சத்தம் கேட்கிறது.

ஜூனில் இருந்து நவம்பர்வரை அதே பாறையில் உட்கார்ந்தால் திமிங்கிலம். டிக்கெட் கிடையாது, நேரம் கிடையாது. வெள்ளையாக ஒரு மூச்சு எழும், கொஞ்சம் பொறுத்து முதுகு, அப்புறம் வால். சில நூறாகக் குறைந்த அந்தக் கூட்டம் இன்று முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. டாங்கலூமா கதை தெரிந்தவர்களுக்கு அந்த மூச்சைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கும். கோவாலாவும் உண்டு, ஆமிட்டி பாயிண்ட்டில் யூகலிப்டஸ் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். இரண்டு முறை போய் ஒருமுறைதான் எங்களுக்குக் கிடைத்தது. பால் விடாத டீ நிறத்தில் இருக்கும் பிரவுன் ஏரியில் பிள்ளைகள் பயமில்லாமல் குளிக்கலாம்.

ஒரு திமிங்கிலமும் தென்படாத நாளும் ஸ்ட்ராடியில் உண்டு. பத்து நாள் லீவில் வந்த தங்கை குடும்பத்துக்கு, கண்டிப்பாக ஏதாவது பார்த்தே ஆகவேண்டும் என்றால், மோர்ட்டன்தான் என்று நானே சொல்லியிருக்கிறேன். பணம் அங்கேதான் அதிகம் கரையும். திமிங்கிலத்தை மிக அருகில் பார்க்க ஆசை என்றால் கர்ரிக்கு எதிர்க்கரையான ஹெர்வி பே. தெற்கே திரும்பும் தாய்த் திமிங்கிலங்கள் குட்டிகளோடு அங்கே நாள்கணக்கில் இளைப்பாறும், ஆகஸ்ட், செப்டம்பரில் படகில் போகலாம். கர்ரி பயணத்தை அதோடு சேர்த்துக்கொண்டால் அலைச்சல் வீண் போகாது. கோடையின் கடைசியில் மட்டும் கர்ரி வேண்டாம், சதையைப் பிய்க்கிற மாதிரிக் கடிக்கும் ஈக்கள் பிள்ளைகளை அழவைத்துவிடும்.

அம்மா அடுத்த ஜூலையில் திரும்ப வருகிறார். இந்த முறை ஸ்ட்ராடியில் இரண்டு இரவு. வேறெங்கும் கூட்டிப் போக வேண்டாம், அந்தப் பாறையில் பிளாஸ்கில் காபியோடு உட்கார்ந்தால் போதும் என்று இப்போதே சொல்லிவிட்டார்.