புறநகர் ஊராட்சிக் கழிவுநீர்: இரட்டைக் குழியா, செப்டிக் டேங்கா, கல்வாழைப் படுகையா?

சென்னையின் பாதாளச் சாக்கடை எட்டாத ஊராட்சிகளில் வீடு கட்டுகிறவர்களிடம் அதிகம் பேசப்படும் வழிகள் இந்த மூன்று.

செலவை மட்டும் பார்த்தால் இரட்டைக் குழி. ஒன்று நிரம்பியதும் அதை அடைத்து மற்றதற்குத் திருப்பிவிட்டால், நிரம்பிய குழியில் இருப்பது இரண்டு ஆண்டில் மக்கி எருவாகிவிடும். லாரிக்குக் காத்திருக்க வேண்டாம். மேட்டு நிலத்தில் இதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் குழியின் நீர் மண்ணில் ஊறும் என்பதால், அதன் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் 2 மீட்டர் இடைவெளி வேண்டும். கிணறு 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற அடையாற்றோரப் பள்ளங்களில், அதுவும் ஐப்பசி அடைமழையில், இது நடக்கிற காரியமா? 30க்கு 40 அடி மனையில் நம் போர்வெல்லைத் தள்ளிப் போட்டாலும் பக்கத்து வீட்டுப் போர்வெல் குழிக்கு அருகில் வந்துவிடும்.

எனவே எல்லோரும் செப்டிக் டேங்க் என்கிறார்கள். கட்டுவது என்னவோ வேறு. நாலைந்து சிமென்ட் உறைகளை இறக்கி, அடியை மண்ணாகவே விட்டுவிடுகிறார்கள். "எங்கள் டேங்க் பத்து வருடமாக நிரம்பவே இல்லை" என்று பெருமை வேறு! நிரம்பாத டேங்க் பெரும்பாலும் ஒழுகும் டேங்க். ஒழுகியது போர்வெல்லுக்குத்தான் போகும். அடியும் சுவரும் பூசி, இரண்டு அறைகளோடு முறையாகக் கட்டினாலும் கசடு மட்டுமே தங்கும். வெளியேறும் நீரில் கிருமி அப்படியே இருக்கும். அதை மழைநீர்க் கால்வாயில் விட்டால் ஏரி கெடும். கசடை எடுக்கும் லாரிக்குச் சுத்திகரிப்பு நிலையம் தொலைவு என்றால், இருட்டியதும் ஏதாவது ஓடையோரம் வால்வு திறக்கும். மதுராந்தகம் அருகே கருங்குழிப் பேரூராட்சியில் கசடை உலர்த்தும் படுகைகள் இருக்கின்றன. சிற்றூர்களால் முடியாது என்ற சாக்கு இனி செல்லாது.

கல்வாழைப் படுகை, அதாவது ஜல்லி நிரப்பிக் கல்வாழைச் செடி நட்ட தொட்டி, டேங்குக்கு மாற்று அல்ல, அடுத்த படி. டேங்கிலிருந்து வரும் நீர் ஜல்லிக்கும் வேருக்கும் இடையே மெல்ல ஊர்ந்து தெளியும். சரிவு இருந்தால் மின்சாரம் தேவையில்லை. இடம் வேண்டும், செடி வெட்ட ஆளும் வேண்டும்.

பள்ளப் பகுதிக்கு என் தேர்வு: வீட்டுக்கு வீடு ஒழுகாத டேங்க், தெருக்கோடியில் பொதுவாக ஒரு படுகை. கட்டி முடித்ததும் டேங்கில் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் கரியால் குறித்து மூடிவையுங்கள். மறுநாளும் அதே கோட்டில் நின்றால் மேஸ்திரிக்கு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.