வாரம் ஒன்று, காலை ஒன்று: சென்னை மருந்துக்கடையில் வைட்டமின் டி

மார்கழிக் கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் சென்னை வருகிற லண்டன்வாசிகள் இதைத் தெரிந்துகொண்டு வரவேண்டும். ஏர்போர்ட், ஆட்டோ, சிம் கார்டு எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ஒரு மருந்துக்கடை.

மழை ஓய்ந்த கையோடு ஊரெல்லாம் வைரல் காய்ச்சல். காய்ச்சல், உடம்புவலி என்று சொன்னதுமே, சீட்டு எங்கே என்று கேட்காமல், கடையில் ஒரு செட் எடுத்துப் போட்டார்கள். பாரசிட்டமால் 650, அலர்ஜிக்கான செட்ரிசின், வைரஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆன்டிபயாடிக், கூடவே வைட்டமின் டி3 கேப்சூல் ஐந்து. நான்கு உள்ள ஒரு முழு அட்டை, இன்னொரு அட்டையிலிருந்து கத்தரித்த ஒன்று. "எதிர்ப்பு சக்திக்கு சார், காலையில ஒண்ணு." பழுப்புக் கவரின் மேல் பேனாவால் 1-0-0, அதாவது தினமும் காலை ஒன்று, மதியமும் இரவும் இல்லை.

அந்தக் கேப்சூல் ஒவ்வொன்றும் 60,000 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு). அது வாரத்துக்கு ஒன்று சாப்பிடுவதற்கான மருந்து. குறைபாடு உறுதியானவர்களுக்கு வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று டாக்டர்கள் எழுதுவது வழக்கம். பல கம்பெனிகளின் அட்டையில் நான்குதான் இருக்கும், சரியாக ஒரு மாதத்துக்கு. அதோடு இன்னொன்றைக் கத்தரித்துச் சேர்த்து ஐந்து நாளில் தீர்க்கச் சொல்கிறார்கள். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயரும் இல்லை, அளவும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை.

லண்டன் கணக்கில் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். அங்கே அளவு மைக்ரோகிராமில். 1 மைக்ரோகிராம் 40 ஐ.யூ. அக்டோபரிலிருந்து மார்ச் வரை தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 ஐ.யூ. எடுத்தால் போதும் என்பது பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அறிவுரை. பெரியவர்கள் தாமாக எடுப்பதானால் நாளுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இந்தக் கேப்சூல் ஒன்று 1,500 மைக்ரோகிராம். அங்கே ஐந்து மாதம் சாப்பிடுவதை இங்கே ஒரே விழுங்கில் முடிக்கிறோம். ஐந்து கேப்சூல் என்றால் இரண்டு வருஷத்துக்கு மேல்.

ஐந்தோடு நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஆபத்து வராது. ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் நிறுத்துவதில்லை. "அந்த மாத்திரை நல்லா கேட்டுச்சு" என்று கவரைக் கொண்டுபோய் மறுபடி வாங்குவார்கள், கவரில் இருப்பதோ 1-0-0. வாரக் கேப்சூலைத் தினமும் மாதக்கணக்கில் சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறையவே வந்திருக்கிறது. இது கொழுப்பில் கரையும் வைட்டமின். அதிகமானது சிறுநீரில் போய்விடாது, உடம்பில் தங்கி ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், பெரியவர்களுக்கு மனக்குழப்பம், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு.

அந்தக் காலக் கம்பவுண்டர் மருந்துத் தண்ணீர் பாட்டிலின் பக்கவாட்டில் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல் ஒரு வேளை, படிக்கத் தெரியாதவருக்கும் அளவு தப்பாது. இதே சென்னையில்தான் அது நடந்தது! லண்டனில் டாக்டர் எழுதிய மருந்தென்றால் டப்பா மேல் நோயாளியின் பெயரோடு "வாரம் ஒரு முறை" என்று அச்சடித்து ஒட்டாமல் தரமாட்டார்கள். இங்கே இரண்டும் இல்லை.

சரி, காய்ச்சலுக்கு இது உதவுமா? வைட்டமின் டி நோயெதிர்ப்பு செல்களில் வேலை செய்வது உண்மை. கேத்தலிசிடின் என்ற கிருமியெதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கத் தூண்டுகிறது. 2017-இல் 25 ஆய்வுகளை, சுமார் 11,000 பேரின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்தபோது சளி, சுவாசத் தொற்றுகள் கொஞ்சம் குறைந்தன. பலன் கண்டவர்கள் தினமோ வாரமோ சீராகச் சிறு அளவில் எடுத்தவர்கள். அதிலும் முன்பே கடும் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான் அதிகம். மொத்தமாகப் பெரிய டோஸ் போட்டவர்களுக்குப் பலன் தெரியவில்லை. 2025-இல் புதிய ஆய்வுகளையும் சேர்த்தபோது அந்தச் சிறு பலன்கூட புள்ளியியல்படி உறுதியாகவில்லை. கொரோனா காலத்தில் பிரிட்டனில் 6,200 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஒரு பகுதியினருக்குத் தினம் 800 அல்லது 3,200 ஐ.யூ. கொடுத்துப் பார்த்தார்கள், தொற்று குறையவில்லை. பிரேசிலில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கொரோனா நோயாளிகளுக்கு ஒரே தடவையில் 2 லட்சம் ஐ.யூ. கொடுத்தும் படுக்கை நாட்கள் குறையவில்லை. ஆக, குறைபாடு உள்ளவர் முன்கூட்டியே அதைச் சரிசெய்துகொள்வதில் நியாயம் இருக்கிறது. காய்ச்சல் வந்த அன்று கேப்சூல் போட்டுக் காய்ச்சலை இறக்க முடியாது.

ரத்தப் பரிசோதனையில் சென்னையை மிஞ்ச முடியாது. விடிகாலையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து, சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் தருகிறார்கள்; லண்டனில் வெறுமனே கேட்டால் டாக்டர் எழுதவே மாட்டார். பார்க்க வேண்டியது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, ரத்தத்தில் சுற்றும் வைட்டமின் டி-யின் வடிவம். இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், சில லேப் முறைகளில் அளவைக் கூட்டிக் காட்டிவிடும். ரிப்போர்ட் நானோகிராமில் வரும். லண்டன் ரிப்போர்ட்டில் வரும் நானோமோல் அலகோடு ஒப்பிட 2.5-ஆல் பெருக்க வேண்டும். 20-க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் போகலாம். 25, 28 என்று வந்து பக்கத்தில் சிவப்பில் "குறைவு" என்று இருந்தாலும் பதற வேண்டாம், எலும்புக்கு 20 போதும் என்று சொல்லும் நிபுணர் குழுக்கள் உண்டு.

மெரினாவில் ஆறு மணி இளவெயிலில் நடப்பது மனசுக்கு இதம், வைட்டமினுக்கு அல்ல. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயிலில்தான் தோல் அதைத் தயாரிக்கும். சென்னையில் அந்த வெயில் வருஷம் முழுக்க உண்டு, லண்டன் குளிர்காலத்தில் அறவே கிடையாது.

அப்பா அம்மாவுக்கு டாக்டர் வாரக் கேப்சூல் எழுதியிருந்தால் முழு அட்டையாகவே கேட்டு வாங்குங்கள். கவரில் 1-0-0-ஐ அடித்துவிட்டு "ஞாயிறு மட்டும்" என்று தமிழில் எழுதி, முடிக்க வேண்டிய தேதியையும் போடுங்கள். காலை காபியோடு வேண்டாம். நெய்யோ எண்ணெயோ சேர்ந்த மதியச் சாப்பாட்டோடு கொடுத்தால் நன்றாக உடம்பில் சேரும். பிரஷருக்கு குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு வகை மாத்திரையோ, இதயத்துக்கு டிகாக்ஸினோ சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள், காசநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு கேப்சூல்கூட எடுக்கக் கூடாது. ஏற்கெனவே தினமும் விழுங்கியிருந்தால் உடனே நிறுத்தி, கால்சியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் ஏறிய வைட்டமின் டி பாதியாகவே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், அதனால் ஒரு ரிப்போர்ட் சரியாக வந்ததும் விட்டுவிடாமல் மறுபடியும் பார்க்க வேண்டும்.