எச்சரிக்கை: ‘க்யூர் ஆன லைவ் ராக்’, கூடவே ‘குட்டி அனிமோன் ஃப்ரீ’

200 லிட்டர் மரைன் டேங்க், அதாவது கடல்மீன் தொட்டி. 15 கிலோ லைவ் ராக் (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கடல் கல்), கிலோ 700 ரூபாய். கடையில் கொடுத்த வாக்கு: ஆறு வாரம் க்யூர் ஆன கல், பூச்சி எதுவும் கிடையாது, இன்றைக்கே தொட்டியில் இறக்கலாம்.

மூன்றாம் நாள் அமோனியா 1 பிபிஎம். க்ளவுன் மீன் இரண்டும் மேலே வந்து மூச்சு வாங்கின, ஒன்றுதான் பிழைத்தது. 12ஆம் நாள் கல்லின் பொந்தில் பழுப்பாக ஒரு பூ. படம் எடுத்து அனுப்பிக் கேட்டதற்கு, “குட்டி அனிமோன் சார், உங்களுக்கு லக், க்ளவுன் போய் உட்காரும்” என்று பதில். அனிமோன் என்பது பூ மாதிரித் தெரியும் கடல் உயிர், க்ளவுன் மீன் அதில் குடியிருக்கும். ஒரே மாதத்தில் பூ நாற்பது ஆனது. அதைத் தின்னும் என்று நாலு ‘பெப்பர்மின்ட் இறால்’ விற்றார்கள். அவை பூவைத் தொடவில்லை, ஜோவான்திட் என்கிற பூப்போன்ற பவளங்களைக் கடித்துத் தின்றன. கடைசியாக ஒரு காப்பர் மருந்து பாட்டில். நத்தை, ஹெர்மிட் நண்டு, மிச்சமிருந்த ஜோவான்திட் எல்லாம் அந்த வாரத்தோடு சரி. பணம் கேட்டபோது வந்த பதில்: “உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது.”

இதில் நாலு பொய் இருக்கிறது. நாலையும் வாங்குகிறவரே பிடித்துவிட முடியும்.

முதல் பொய் ‘க்யூர்’. கடலிலிருந்து எடுத்த கல் ஈரத்துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றி வரும்போது அதிலுள்ள ஸ்பாஞ்சும் சிப்பியும் செத்து அழுகும். அந்த அழுகல் முழுக்கத் தீர்ந்து, பாக்டீரியா நிலைப்பதுதான் க்யூர். கடைத்தொட்டியில் ஆறு வாரம் கிடந்தது என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. நேற்று வந்த பெட்டியைக்கூட அப்படிச் சொல்லி விற்கலாம். மூக்கை வைத்துப் பாருங்கள். க்யூர் ஆன கல்லில் கடற்கரைக் காற்றின் வாடைதான் அடிக்கும். கருவாட்டுச் சந்தையோ அழுகின முட்டையோ நினைவுக்கு வந்தால் அது ஆகாத கல். சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு கல்லை மட்டும் வாங்கி, 20 லிட்டர் வாளியில் 1.025 அடர்த்தியுள்ள உப்புத்தண்ணீர், 26 டிகிரி சூடு, சின்ன பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் பம்ப்) வைத்து 24 மணிநேரம் ஓடவிடுங்கள். பிறகு அமோனியா டெஸ்ட். பூஜ்யம் காட்டினால் மிச்சத்தை வாங்கலாம். 0.25 காட்டினாலே அந்தக் கல் இன்னும் வாளியில்தான் இருக்க வேண்டும், மீன் இருக்கும் தொட்டியில் அல்ல.

இரண்டாவது அந்தக் ‘குட்டி அனிமோன்’. அது ஐப்டேசியா. ஓரிரு சென்டிமீட்டர் உயரம், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பழுப்புத் தண்டு, நுனி நோக்கிக் கூராக மெலியும் நீண்ட கைகள். தொட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் பொந்துக்குள் போய்விடும். க்ளவுன் தங்குகிற பபிள் டிப் அனிமோனின் குட்டி என்று சொல்லி ஏமாற்ற இன்னொன்றும் உண்டு: மஜானோ. அதன் கைகள் குட்டை, நுனி உருண்டையாகப் பச்சையோ ஊதாவோ காட்டும், கூட்டமாகக் கல்லை மூடும். கல்லோடு கேட்காமல் வந்து வாராவாரம் எண்ணிக்கை கூடுகிற எதுவும் விலை கொடுத்து வாங்கும் அனிமோன் அல்ல.

ஐப்டேசியாவைச் சுரண்டாதீர்கள். அடிப்பாதத்தில் ஒட்டியிருக்கும் துணுக்கு ஒவ்வொன்றும் புது உயிராக முளைக்கும். ஒன்று நாற்பது ஆவது பெரும்பாலும் பிளேடு எடுத்தவர் வீட்டில்தான். செய்ய வேண்டியது: கால்க்வாசர் பொடி ஒரு தேக்கரண்டியில் ஆர்.ஓ. தண்ணீர் சொட்டுச் சொட்டாக விட்டு, தயிர்ப் பதத்துக்குக் குழைக்க வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பும் இதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான், ஆனால் அதில் என்ன கலந்திருக்கிறது என்பது தெரியாததால் தொட்டிக்கு வேண்டாம். எல்லா பம்பையும் 15 நிமிடம் நிறுத்துங்கள். குழைத்ததை 1 மில்லி சிரிஞ்சில் எடுத்து, கைகளைத் தொடாமல் மேலிருந்து இறக்கி நேராக வாய்க்குள் விடுங்கள். அது சுருங்கினதும் பொந்தின் வாயையும் அதே பசையால் மூடுங்கள். 200 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு மூன்று நாலுக்கு மேல் வேண்டாம், சுண்ணாம்பு பி.எச். அளவை ஏற்றிவிடும்.

மூன்றாவது பொய் இறால். பெப்பர்மின்ட் இறாலுக்கு உடம்பு ஒளி ஊடுருவும், மெல்லிய சிவப்புக் கோடுகள் ஓடும், முதுகில் வெள்ளை கிடையாது. விற்கப்பட்டது கேமல் இறால்: முதுகில் திமில், பெரிய கண், மேல்நோக்கி வளைந்த நீண்ட மூக்குமுள், சிவப்புக்கு நடுவே பளிச்சென்ற வெள்ளைக் கோடும் புள்ளியும். அந்த மூக்குமுள்ளை அது மேலும் கீழும் அசைக்கும். கடைத்தொட்டி முன்னால் இரண்டு நிமிடம் நின்றாலே தெரிந்துவிடும். கேமலுக்கு ஜோவான்திட்டும் மஷ்ரூம் பவளமும் சாப்பாடு. அசல் பெப்பர்மின்ட்கூட மீன் தீவனம் நிறையக் கிடைத்தால் ஐப்டேசியாவைத் திரும்பிப் பார்க்காது. அதைத் தவிர வேறெதையும் தின்னாதது பெர்கியா என்கிற சின்னக் கடல் நத்தை, ஓடு இல்லாதது. ஐப்டேசியா தீர்ந்ததும் அதுவும் பட்டினியில் சாகும்.

நாலில் மோசம் காப்பர். மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தனித்தொட்டியில் போடுகிற மருந்து அது. மீனைக் காப்பாற்றும் அளவிலேயே நத்தை, இறால், பவளம் எல்லாவற்றையும் கொன்றுவிடும். சுண்ணாம்புக் கல்லும் பவள மணலும் காப்பரை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும். தண்ணீரை மாற்றினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால், ‘அந்தக் கல்லை உங்கள் பவளத் தொட்டியில் வைப்பீர்களா?’ என்று கேளுங்கள்.

அமோனியா பார்க்க வைத்த வாளி கல்லோடு வந்த மற்றவர்களையும் காட்டிக்கொடுக்கும். இன்னொரு வாளியில் உப்பை 1.035க்கு ஏற்றி, கல்லை ஒரு நிமிடம் முக்கி ஆட்டினால் நண்டும் புழுவும் தானாக வெளியே விழும். விளக்கு அணைத்து ஒரு மணிநேரம் கழித்து, சிவப்பு செலோபேன் சுற்றிய டார்ச்சில் பார்த்தால் மிச்சம் தெரியும்.

உடம்பெல்லாம் மயிர், கொடுக்கின் நுனி கறுப்பு, கூர்மை என்றால் அந்த நண்டு வேண்டாம். சாய்த்து வைத்த கண்ணாடி டம்ளருக்குள் ஒரு துண்டு இறால் போட்டால் ராத்திரி ஏறி விழுந்து, வழுக்கி வெளியே வர முடியாமல் கிடக்கும். ‘டக் டக்’ சத்தம் வந்தால் இரண்டில் ஒன்று: ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருப்பது பிஸ்டல் இறால், பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம், கண் இரண்டும் தண்டின் மேல் தனித்தனியாகச் சுழன்று, முன்கையை மடித்து வைத்திருப்பது மான்டிஸ் இறால், அந்தப் பொந்தில் விரலை விடாதீர்கள். கல்லை வெளியே எடுத்துப் பொந்துக்குள் சோடாத் தண்ணீர் பீய்ச்சினால் வந்துவிடும்.

இளஞ்சிவப்பு உடம்பில் வெள்ளை முள்கொத்து உள்ள புழுவுக்குப் பயந்து மருந்து வாங்குபவர்கள் நிறைய. அது பிரிஸ்டில் புழு, மிஞ்சின தீவனத்தைத் தின்கிற துப்புரவுத் தொழிலாளி. பெருகிவிட்டது என்றால் நீங்கள் தீவனம் அதிகம் போடுகிறீர்கள். முள் குத்தினால் டேப் ஒட்டி உரித்தெடுங்கள். பயப்பட வேண்டியது வானவில் மின்னும் தோலும், தலையில் ஐந்து உணர்கொம்பும், தாடையும் உள்ள யூனிசிட். 2009இல் இங்கிலாந்தின் நியூகே மீன்காட்சியகத்தில் பவளங்களைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது எது என்று தொட்டியைப் பிரித்துப் பார்த்தபோது கிடைத்தது நாலடி நீளப் புழு.

எல்லாம் போகட்டும், கல்லைக் கொதிக்க வைத்துவிடலாம் என்ற யோசனையைக் கடையிலேயே கொடுக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ஜோவான்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு, ஆவியோடு மூச்சில் போகும். அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை வளர்ப்பு மீன் கடைகளிலும் வீடுகளிலும் இந்தப் பவளத்தைக் கையாண்டு மூச்சுத்திணறல், காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எழுதியிருக்கிறது.

பில் விஷயம். இந்தக் கல்லின் பில்லில் ‘அலங்காரக் கல், 15 கிலோ’ என்று மட்டும் எழுதியிருந்தது. சோம்பலால் அப்படி எழுதுவதில்லை. கல்பவளம், தீப்பவளம், கடல்விசிறி எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் உடைத்தெடுத்த பவளக்கல்லை விற்றவர் மட்டுமல்ல, வைத்திருப்பவரும் மாட்டுவார். கல்லின் மேல் வரிசையாகச் சின்ன நட்சத்திரக் குழிகள் தெரிந்தால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் இழுத்தால் கீழே வைத்துவிடுங்கள். செயற்கையாக வார்த்த கல்லோ உலர்ந்த கல்லோ வாங்கி, பாட்டில் பாக்டீரியாவும் ஆறேழு வாரப் பொறுமையும் சேர்த்தால் இந்தத் தொல்லையில் முக்கால்வாசி வராது. அப்படியும் லைவ் ராக்தான் வேண்டும் என்றால், பில்லில் ‘லைவ் ராக், க்யூர் ஆனது’ என்று எழுதி, எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். 1915 நுகர்வோர் எண்ணில் பேசும்போது கையில் இருக்க வேண்டிய காகிதம் அதுதான்; ‘அலங்காரக் கல்’ என்ற பில்லை வைத்துக்கொண்டு அமோனியாவைப் பற்றிப் புகார் செய்ய முடியாது.