நுண்கலைப் பட்டம்: அரியாங்குப்பத்திலா, கடன் வாங்கி வெளியூரிலா?

புதுச்சேரிப் பிள்ளைக்கு இரண்டு வழி. ஒன்று, அரியாங்குப்பத்தில் அரசு நடத்தும் பாரதியார் பல்கலைக்கூடம். வீட்டிலிருந்தே பேருந்தில் போய்வரலாம். விடுதிச் செலவு மிச்சம். மற்றொன்று, கல்விக்கடனில் வெளியூர்த் தனியார் கல்லூரி. இரண்டுமே 4 வருடம்.

கடன் கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 1.5 லட்சமாக மொத்தம் 6 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தனிவட்டியே 2.1 லட்சம். ஆக, 8.1 லட்சத்தை 10 வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 10,700 ரூபாய். படிக்கும்போதும் அதற்கடுத்த ஓராண்டும் மாதாமாதம் வட்டியைக் கட்டிவந்தால் தவணை சுமார் 7,930 தான். இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சிக்கல் வருமானத்தில்தான். ஓவியம் விற்றால்தான் காசு, அதிலும் கேலரி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். தவணையோ மாதம் தவறாமல் வரும். 90 நாள் தவறினால் வாராக்கடன். இணைந்து கையெழுத்திட்ட அப்பாவின் சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் மதிப்பெண்) விழும். மாதம் 15,000 வருமானத்தில் 10,700 போனால் கேன்வாஸும் எண்ணெய் வண்ணமும் எதில் வாங்குவது?

அனிமேஷன், வரைகலை வடிவமைப்பு என மாதச்சம்பள வேலைக்குப் போகும் எண்ணமிருந்தால், பழைய மாணவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று நேரில் விசாரித்துவிட்டுக் கடன் வாங்கலாம். ஓவியம், சிற்பம்தான் உயிர் என்றால் அரியாங்குப்பமே சரி. மிச்சமாகும் பணம் வண்ணத்துக்கும் ஓவியத்துக்கான மரச்சட்டத்துக்கும் ஆகும்.